8.6 வந்தும் கடல் ஏன் சும்மா இருந்தது?

நாகையை அடுத்த அக்கரைப்பேட்டை இளைஞர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் என்றதும் அவர்கள் தெருவே வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் மேற்கே ஓடியது. இருட்டும்வரை பார்த்தும் கடல் தன்பாட்டுக்கு இருந்தது. 2004-ல் அதிர்ந்ததே பலருக்குத் தெரியாது, அலை மட்டும் வந்தது. "பெரிய நிலநடுக்கம் என்றால் சுனாமி என்கிறார்களே, 2012-ல் ஏன் வரவில்லை? நாங்கள் ஓடியது வீண்தானா?" என்பது முதல் கேள்வி. 2004-ல் அன்று காலை அவருடைய அப்பா ஆழக்கடலில் தொழிலில் இருந்தாராம். "அலையே தெரியல, கரைக்கு வந்துதான் தெரியும்" என்று இன்றும் சொல்கிறாராம். அது எப்படி என்பது இரண்டாவது.

நான் மயிலாடுதுறைக்காரன். கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குக் கடலடியில் தரை உடைந்தபோது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. நிலவியல் படித்தவனுக்கென்று உடம்பில் தனிக் கருவி ஒன்றும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிலநடுக்கத்தின் அளவு என்று செய்தியில் சொல்லும் எண், பாறை உடைந்து வெளிவந்த ஆற்றலைச் சொல்கிறது. அந்த ஆற்றலில் தண்ணீருக்கு எவ்வளவு போனது என்பதை அது சொல்வதில்லை. சுனாமிக்குத் தேவை ஆட்டம் அல்ல. கடலடித் தரை மேலே ஏறவோ கீழே இறங்கவோ வேண்டும். அதுவும் நாலு தெரு அளவில் போதாது, பல மாவட்டங்கள் அளவுக்கு நடக்க வேண்டும். தரை ஏறினால் அதன் தலைமேல் நிற்கும் தண்ணீர் முழுவதும், அடி முதல் மேல்மட்டம் வரை, அதோடு ஏறும். ஏறிய தண்ணீர் அங்கேயே நிற்க முடியாது, சரிந்து நாலாபக்கமும் ஓடும். அந்த ஓட்டம்தான் சுனாமி.

வீட்டுப் பக்கத்துக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாம்பாளத்தைத் தண்ணீருக்கடியில் படுக்கையாகப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்குங்கள். மேலே தண்ணீர் குமிழாகப் புடைத்து, வளையமாகப் பரவிப் படித்துறையில் மோதும். அதே தாம்பாளத்தை அதே பலத்தோடு பக்கவாட்டில் இழுங்கள். கை வலிக்கும், தண்ணீருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. 2004-க்கும் 2012-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான். மீதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாம்பாளத்தை இழுத்தாலும் சில சமயம் அலை வரும்.

பாறையில் விழுந்த வெடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்தால் அதை நிலப்பிளவு என்கிறோம். நகரும் விதம் மூன்று. இரு பக்கமும் நெருக்கித் தள்ளும்போது ஒன்று மற்றொன்றின் மேல் ஏறுவது ஏறுபிளவு. இழுத்து விரிக்கும்போது ஒரு பக்கம் சரிந்து இறங்குவது இறங்குபிளவு. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு பஸ்கள் இடித்துக்கொள்ளாமல் உரசிக்கொண்டு போவதுபோலப் பக்கவாட்டில் நகர்வது பக்கப்பிளவு. பாடப்புத்தகத்தில் வேறு பெயர்கள் இருக்கும், எனக்கு இவை வசதி.

நமக்குக் கிழக்கே, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கு ஓரத்தில், வடக்குத் தெற்காக ஒரு நீண்ட கடற்பள்ளம் போகிறது. பூமியின் மேலோடு பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, அவற்றைத் தட்டு என்கிறோம். இந்தியத் தட்டு அங்கே கிழக்கு நோக்கி நுழைந்து, தீவுகளைத் தாங்கும் பர்மாத் தட்டுக்கு அடியில் போகிறது. வழவழவென்று நுழைந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. நம் ஊரில் ஐப்பசி அடைமழையில் மரக்கதவு உப்பிக்கொண்டு நிலையைப் பிடித்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்கக் கதவு வளையுமே தவிர வராது, ஒரு கட்டத்தில் திடீரென்று விட்டு, இழுத்தவரைத் திண்ணையில் தள்ளும். இங்கும் அப்படித்தான். கீழே போகும் தட்டு, மேல்தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல நூறு ஆண்டுகள் தன்னோடு கீழே இழுத்து வளைக்கிறது. பிடி விடும் நாளில் மேல்தட்டின் விளிம்பு விலுக்கென்று மேலேறித் திரும்புகிறது. அதுதான் ஏறுபிளவு நிலநடுக்கம்.

2004-ல் அந்தப் பிடி விட்டது ஓரிடத்தில் அல்ல. சுமத்ராவின் வடமுனையில் தொடங்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்குக் கிழிந்துகொண்டே போனது. கிழிந்து முடிக்கவே எட்டு முதல் பத்து நிமிஷம் ஆனது. அளவு 9.1. பாறை நகர்ந்தது சில இடங்களில் 15 மீட்டருக்கும் மேல். பிளவு லேசான சாய்வில் இருப்பதால் அந்த நகர்வு முழுவதும் உயரமாக மாறாது. பத்து டிகிரி சாய்வில் 15 மீட்டர் நகர்ந்தால் செங்குத்தாக ஏறுவது இரண்டரை மீட்டர்தான். கேட்கச் சின்ன எண். ஆனால் அத்தனை நீளத்துக்கு, நூறு கிலோமீட்டரை ஒட்டிய அகலத்துக்குத் தரை அப்படி ஏறி இறங்கினால்? இடம்பெயர்ந்த தண்ணீர் சுமார் 30 கன கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். டெல்டாக்காரருக்கு கன கிலோமீட்டர் என்றால் புரியாது, டிஎம்சி என்றால் புரியும். மேட்டூர் நிரம்பினால் 93.47 டிஎம்சி, அதாவது 2.65 கன கிலோமீட்டர். ஆக, பதினோரு மேட்டூர் அணைகளின் தண்ணீரைப் பத்தே நிமிஷத்தில் தூக்கிப் போட்ட கணக்கு. ஒரு மேட்டூர் நிரம்ப நாம் எத்தனை மாதம் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த கோடு வடக்குத் தெற்காக இருந்தது நம் துரதிர்ஷ்டம். நீளமான பலகையைத் தண்ணீரில் தூக்கினால் அலை அதன் நெடுகிலும் உள்ள பக்கங்களுக்குத்தான் வலுவாகப் போகும், முனைகளுக்கு அவ்வளவாகப் போகாது. அதனால் வடக்கே வங்கதேசம் பெருமளவு தப்பியது. நேர் மேற்கே இருந்த இலங்கையும் நாகப்பட்டினமும், நேர் கிழக்கே இருந்த தாய்லாந்தும் வாங்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பகுதி அன்றைய நாகை மாவட்டத்தவர்தான், ஆறாயிரத்துக்கும் மேல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும்" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. வளைந்திருந்த கதவு விடுபடும்போது ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தாழும். 2004-ல் பள்ளத்தை ஒட்டிய மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் உள்ள இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, கரையில் இருந்த கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்க வேண்டியதாயிற்று. அதனால் தாய்லாந்துப் பக்கம் முதலில் போனது அலையின் பள்ளம். அங்கே கடல் வற்றி, மீன் துள்ளுவதை வேடிக்கை பார்க்கப் போனார்கள். நம் பக்கம் முதலில் வந்தது அலையின் மேடு. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டம் அளக்கும் கருவியும் முதலில் ஏற்றத்தைத்தான் காட்டியது. நம்மூரில் கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே நடந்தது. உள்வாங்கிய பிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் முதல் அலையிலேயே அகப்பட நேரும்.

இப்போது 2012. இடம் சுமத்ராவுக்குப் பக்கம்தான், ஆனால் பள்ளத்துக்கு இந்தப் பக்கம். அதாவது தட்டு இன்னும் நுழையாத, திறந்த கடலடியில். அங்கே இந்திய, ஆஸ்திரேலியப் பாறைத் தளம் தனக்குள்ளேயே நெரிந்து, பக்கப்பிளவுகளாக உடைகிறது. நம் நேரம் பிற்பகல் 2.08-க்கு 8.6, இரண்டு மணி நேரம் கழித்து 8.2. ஒரே கோடாகக் கூட உடையவில்லை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் பல பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டன. கருவிகளில் பதிவான பக்கப்பிளவு நிலநடுக்கங்களில் இதுவரை இதுதான் பெரியது. 9.1 இதைவிட ஐந்தரை மடங்கு ஆற்றல் கொண்டது, அவ்வளவே. அலையில் இருந்த வித்தியாசமோ ஐந்தரை மடங்கில் அடங்காது. சுமத்ராக் கரையிலேயே ஒரு மீட்டர் அளவில் ஏற்ற இறக்கம் இருந்தது. நம் கரையில் கருவிகள் கண்டுகொண்டன, மனிதர்கள் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஒரு மீட்டராவது எப்படி வந்தது என்று கேட்கலாம். பக்கவாட்டில் நகரும் பிளவின் முனைகளில் ஒரு மூலையில் பாறை நெருக்கப்பட்டுக் கொஞ்சம் புடைக்கும், எதிர் மூலையில் விரிந்து கொஞ்சம் தாழும். பாயை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் தள்ளினால் மடிப்பு விழுமே, அதுபோல. நகரும் தரை சமதளமாக இல்லாமல் கடலடி மலையாகவோ செங்குத்துச் சரிவாகவோ இருந்தாலும், அந்தச் சரிவு சுவர்போலத் தண்ணீரைத் தள்ளும். தாம்பாளத்தைப் படுக்கையாக இழுக்காமல் நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் தண்ணீர் திரளுமே, அந்தக் கதை.

ஆகவே "பக்கப்பிளவு என்றால் பயமில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் பாலு நகரை அடித்தது பக்கப்பிளவுதான், அளவு வெறும் 7.5. பிளவு குறுகிய விரிகுடாவுக்குள்ளேயே ஓடுகிறது, கரைச் சரிவுகளும் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தன. எச்சரிக்கைக்கு இடமே இல்லை, சில நிமிஷத்தில் அலை ஊருக்குள்.

2012-ஐ 2004-உடன் ஒப்பிடுவதைவிட 2005-உடன் ஒப்பிடுவதுதான் உண்மையான பாடம் என்று வகுப்பில் சொல்வேன். 2005 மார்ச் 28 இரவு, முதல் சுனாமி முடிந்து மூன்று மாதம், சுமத்ராவின் நியாஸ் தீவருகே மறுபடி உடைந்தது. அளவு அதே 8.6. ஆனால் இது பள்ளத்தின் மேலேயே, ஏறுபிளவு. எல்லாக் கணக்குப்படியும் அலை வந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கரைகளில் சில மீட்டர் அலை வந்தது, நமக்குத் தெரியும்படி ஒன்றும் வரவில்லை. ஏன்? ஏறிய தரையில் பெரும்பகுதி நியாஸ், சிமெலூ தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும்தான். தீவு ஏறினால் தண்ணீர் எங்கே ஏறும்? பவளப்பாறைகள் கடலுக்கு வெளியே வந்து வெயிலில் காய்ந்தன. அதோடு, அந்தக் கோட்டின் நெடும்பக்கம் பார்த்தது தென்மேற்கே திறந்த கடலை, நம்மை அல்ல.

ஆக, பிளவின் வகை ஒன்றே போதாது. ஏறிய தரையின் தலைமேல் எவ்வளவு தண்ணீர் நின்றது, கோடு எந்தப் பக்கம் பார்த்தது என்பவையும் சேர வேண்டும். இதே பள்ளத்தில் 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே 7.9 அளவில் ஓர் ஏறுபிளவு நிலநடுக்கம் வந்தது. 2004-ஐ விடப் பல மடங்கு சின்னது. அந்தச் சுனாமி நாகப்பட்டினத்தில் இருந்த அலையளவுக் கருவியில் பதிவானது, ஒரு மீட்டரை ஒட்டிய உயரத்தில். நம் ஊர்க் கருவியே நமக்கு எழுதிவைத்த சாட்சி அது. நூற்றிருபது ஆண்டுகளாக நம் பக்கம் அதைப் பெரிதாக யாரும் எடுத்துப் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் ஒரு மனக்குறை. (பூம்புகாரைக் கடல் கொண்டதும் சுனாமிதான் என்று மேடைகளில் சொல்பவர்கள் உண்டு. எந்தப் பிளவு, எந்த ஆண்டு என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். அதை இங்கே கலக்கவில்லை.)

இறங்குபிளவு பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை. தட்டு பள்ளத்துக்குள் நுழையுமுன் வளைய வேண்டும். கரும்பை வளைத்தால் வெளிப்பக்கத்தில் தோல் வெடிப்பதுபோல, வளையும் இடத்தில் தட்டின் மேற்பரப்பு விரிந்து வெடித்து ஒரு துண்டு கீழே இறங்கும். தண்ணீர் அந்தக் குழிக்குள் சரியும். ஏறுவதும் இறங்குவதும் தண்ணீருக்கு ஒன்றுதான், மட்டம் குலைந்தால் சரி. ஜப்பானின் சான்ரிக்கு கரையில் 1933 மார்ச்சில் 8.4 அளவில் வந்தது இந்த வகை, அலை சில இடங்களில் 28 மீட்டர் வரை ஏறி, மூவாயிரம் பேரைக் கொண்டுபோனது. இவை நடப்பது பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் என்பதால் ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. ஆழத்தில் பிறக்கும் அலை கரைக்கு வரும்போது அதிக மடங்கு உயரும்.

அதே சான்ரிக்கு கரைக்கு 1896-ல் வந்தது இன்னும் விசித்திரம். ஜூன் 15, திருவிழா நாள், சாயங்காலம். லேசாக ஊஞ்சல் ஆடுவதுபோல ஆடியது, யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்து வந்த அலை 38 மீட்டர் வரை ஏறியது. இறந்தவர்கள் 22,000 பேர். பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய, மெத்தென்ற படிவுகள் நிறைந்த பகுதியில் ஏறுபிளவு மெதுவாக நழுவினால் இப்படி நடக்கும். வெடுக்கென்று உடைந்தால்தான் வீடு குலுங்கும். மெதுவாக நழுவினால் குலுங்காது, ஆனால் தரை ஏறுவது ஏறத்தான் செய்யும். தண்ணீரின் கணக்கில் ஒன்றிரண்டு நிமிஷம் என்பது 'திடீர்' தான். ஹிரூ கனமோரி என்ற நிலநடுக்கவியலாளர் 1972-ல் இவற்றுக்குச் 'சுனாமி நிலநடுக்கம்' என்றே தனிப்பெயர் வைத்தார். 1992-ல் நிகராகுவாவிலும், 2006-ல் ஜாவாவிலும், 2010-ல் சுமத்ராவை ஒட்டிய மெந்தாவாய்த் தீவுகளிலும் வந்தவை இந்த ரகம். எட்டைக்கூடத் தொடாத நிலநடுக்கங்கள், ஆனால் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் ஆள் குடித்தது.

சிலர் "நம் காலடியிலேயே பிளவு இருக்கிறதாமே, அதனால் சுனாமி வருமா" என்று கேட்பதுண்டு. இருக்கிறது. நாகை அருகே நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதே அதனால்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருநிலம் பிரிந்தபோது இந்தக் காவிரிப் படுகை இறங்குபிளவுகளாக வெடித்து, பள்ளமும் மேடுமாக உட்கார்ந்தது. அந்தப் பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் படிந்த வண்டலுக்கு மேல்தான் நாம் நாற்று நடுகிறோம். ஆனால் இன்று இங்கே தட்டு நுழையும் பள்ளம் இல்லை, அந்தப் பழைய பிளவுகளை இழுக்கும் பெரிய விசையும் இல்லை. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 வந்தது, சென்னை வரை ஆடியது. அந்த அளவுக்குக் கடலடி ஏறி இறங்காது. நமக்கு அலை வரும் திசை அந்தமான்தான்.

சரி, 2012-ல் ஓடியது வீணா? பிளவின் வகையை அறிய, உலகின் பல நிலையங்களில் பதிவான அதிர்வலைகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எங்கே, எத்தனை அளவு என்பது சில நிமிஷத்தில் தெரியும், எப்படி நகர்ந்தது என்பது தெளிய அதற்கும் மேல் நேரமாகும். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் அன்றும் இடத்தையும் அளவையும் வைத்துத்தான் முதல் அறிவிப்பைக் கொடுத்தது. பிறகு கடலடி அழுத்தமானிகளும் கரையோரக் கருவிகளும் ஆபத்தான அலை இல்லை என்று காட்டிய பின்தான் அது விலக்கப்பட்டது. நமக்கு இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது. அதில் முதல் அரை மணி நேரத்தில் 8.6 எந்த ரகம் என்று கரையில் நிற்கும் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

உங்கள் அப்பா சொல்வதும் உண்மைதான். சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல், அதனால்தான் அந்தமானிலிருந்து நாகைக்கு இரண்டு மணி நேரச் சொச்சம். பத்து மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் தண்ணீர் தயங்க, பின்னால் வருவது வந்து சேர, அலை குறுகி உயர்கிறது. அன்று தற்செயலாக மேலே போன, கடல்மட்டம் அளக்கும் ஜேசன் செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த உயரம் வெறும் 60 சென்டிமீட்டர். அப்பா 40 பாகத்தில் (பாகம் என்பது மீனவர்கள் கடலின் ஆழம் சொல்லும் அளவு) இருந்தார் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 73 மீட்டர் ஆழம். அங்கே அலை ஒன்றரை மீட்டர் ஆகியிருக்கும், வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி. ஆனால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் அரை மணி நேர இடைவெளி என்று கொண்டால், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் தூரம். அந்தச் சரிவில் படகு ஒன்றரை மீட்டர் ஏற ஏழெட்டு நிமிஷம் எடுத்திருக்கும். சாதாரணக் கொண்டல் காற்றிலேயே படகு அதைவிட அதிகம் தூக்கிப் போடும், அப்பாவுக்கு எப்படித் தெரியும்? ஜப்பானிய மொழியில் 'சுனாமி' என்றால் துறைமுக அலை. கடலில் எதுவும் தெரியாமல் திரும்பிய மீனவர்கள் துறைமுகம் அழிந்து கிடப்பதைக் கண்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

நாற்பது பாகம் என்பது நானாகப் போட்டுக்கொண்டது. அப்பாவிடம் அன்று எத்தனை பாகத்தில் வலை விட்டிருந்தார் என்று கேட்டு எழுதுங்கள், கணக்கைத் திருத்தித் தருகிறேன்.